வீட்டு ஒலிப்பதிவில் ஒலியைச் சமன் செய்தல்



சொந்த ஊரை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில் இப்பொழுது ஒரு நல்ல பழக்கம் பெருகி வருகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியைத் தாலாட்டுப் பாடச் சொல்லிப் பதிவு செய்கிறோம். பாட்டு வகுப்புக்குப் போகும் குழந்தையின் முதல் கீர்த்தனத்தைப் பதிவு செய்து பெரியப்பாவுக்கு அனுப்புகிறோம். ஒரு காலத்தில் இதற்கெல்லாம் ஒலிப்பதிவு நிலையத்தை நாட வேண்டியிருந்தது. இன்றோ ஒரு கைப்பேசியோ, ஒரு மைக்கும் மடிக்கணினியுமோ இருந்தால் போதும்.

பதிவு செய்வது எளிதாகிவிட்டது. திருப்பிக் கேட்கும்பொழுதுதான் மனம் சோர்கிறது. எதிரே உட்கார்ந்து கேட்டபோது தெளிவாயிருந்த குரல் இப்பொழுது குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. அடியில் ஏதோ உறுமுகிறது. மேலே ஏதோ சீறுகிறது. உடனே மென்பொருளில் ‘ஈக்வலைஸர்’ என்று எழுதியுள்ள இடத்தைத் திறந்து, வரிசையாக நிற்கும் குமிழ்களில் சிலவற்றை ஏற்றியும் சிலவற்றை இறக்கியும் பார்க்கிறோம். அந்தக் கருவி உண்மையில் என்ன செய்கிறது, அதன் வகைகள் யாவை, அதனால் ஆகாதது எது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஒலியைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். ஒரு பொருள் ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கிறதோ அத்தனை ஹெர்ட்ஸ் என்று கணக்கிடுகிறோம். இளம் வயதினரின் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிவரும். அதிர்வு இரட்டித்தால் ஒரு ஸ்தாயி உயரும். 1 கட்டைச் சுருதியில் மத்திய ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். ஆகவே தார ஷட்ஜம் 262, மந்தர ஷட்ஜம் 65. சங்கீதம் அறிந்த நம்மவர்க்கு இக்கணக்கு எளிது.

ஆனால் ஒரு சுரம் என்பது ஒரே ஓர் அதிர்வன்று. அடிச்சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு என மேற்சுரங்கள் பலவும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அவை என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதைக் கொண்டே இது வீணை, இது புல்லாங்குழல், இது அத்தையின் குரல் என்று நாம் பெரும்பாலும் இனம் காண்கிறோம். இவ்விஷயத்தை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் நம்மைப்போலவே பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலம் சென்றவர். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமன் 1907-இல் நிதித் துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அலுவல் நேரம் போக மிஞ்சிய பொழுதைப் பௌபஜாரிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஒலி ஆராய்ச்சியில் செலவிட்டார். மிருதங்கத்தின் மேற்சுரங்கள் மற்றப் பல தோற்கருவிகளில் இல்லாதபடி ஒன்றோடொன்று இசைந்திருப்பதை 1920-லும், பழைய விதியின்படி எழக்கூடாத மேற்சுரங்களும் தம்புராவிலும் வீணையிலும் எழுவதை 1921-லும் எடுத்துக் காட்டினார். தம்புராவின் அந்த ‘ஙொய்’ என்ற உயிர்ப்பு முழுவதும் மேற்சுரங்களின் செல்வமே. ஈக்வலைஸர் கைவைப்பது இந்த விகிதத்தின் மேல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அதைத் தொடுவதற்கு முன் கை சற்றுத் தயங்கும்.

ஈக்வலைஸர் என்ற சொல்லுக்குச் சமன் செய்வது என்பது பொருள். எதை எதனோடு சமன் செய்வது? இதற்கு விடை தொலைபேசித் துறையில் இருக்கிறது. நீண்ட கம்பி வழியே பேச்சு செல்லும்பொழுது அதன் மேற்பகுதி கீழ்ப்பகுதியைக் காட்டிலும் அதிகமாகத் தேய்ந்து போகும். மறுமுனையில் அந்தத் தேய்வை ஈடுசெய்து, புறப்பட்டபடியே பேச்சைச் சேர்ப்பிப்பதற்காகத் தோன்றிய அமைப்பே இது. புறப்பட்டதும் சேர்ந்ததும் சமமாயிருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பிற்காலத்தில் அழகு செய்வதற்கும் அதையே பயன்படுத்தத் தொடங்கினர். பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

நம் வீட்டுப் பழைய ரேடியோப் பெட்டிகளில் ‘பேஸ்’, ‘டிரெபிள்’ என்று இரு திருகுகள் இருந்தமை பலருக்கும் நினைவிருக்கும். 1952-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பீட்டர் பாக்ஸண்டால் என்ற பொறியாளர் வெளியிட்ட சுற்று, இவ்வகைத் திருகுகளுக்கு உலகெங்கும் முன்மாதிரியாயிற்று. இவ்வகை வளைவை ஒலிப்பதிவாளர் ‘ஷெல்ஃப்’ என்பர். ஓர் இடத்திலிருந்து தொடங்கி அதற்கு மேலுள்ள அனைத்தையும், அல்லது கீழுள்ள அனைத்தையும், ஒரே தட்டாக உயர்த்தும் அல்லது தாழ்த்தும். குரல் ஒட்டுமொத்தமாக மங்கியிருந்தால் மேல்தட்டை 2 டெசிபல் ஏற்றலாம். டெசிபல் என்பது ஒலியின் ஏற்றத்தாழ்வை அளக்கும் கணக்கு. 3 டெசிபல் ஏற்றினால் ஒலியின் சக்தி இரு மடங்காகும். ஆகவே 2, 3 என்ற சிறு எண்களைக் கண்டு அலட்சியம் செய்தல் கூடாது.

அடுத்தது ‘கிராஃபிக்’ ஈக்வலைஸர். கேட்கும் எல்லையைப் பத்து ஸ்தாயிகளாகப் பகுத்து, 31, 63, 125, 250, 500, 1000 என்று 16,000 வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு நகர்குமிழ் வைத்திருப்பார்கள். ஸ்தாயியை மூன்றாகப் பகுத்தால் 31 குமிழ்கள். பார்வைக்கு வெகு அழகு. கல்யாண மண்டபத்திலும் கச்சேரி மேடையிலும் ஒலிபெருக்கி ஊளையிடுவதை அடக்க இது பயன்படும். வீட்டு ஒலிப்பதிவுக்கு இதை நாம் அதிகம் சிபாரிசு செய்வதற்கில்லை. நமக்கு வேண்டிய இடம் 340 ஹெர்ட்ஸாக இருக்க, குமிழோ 250-இலும் 500-இலும் நிற்கும்.

அக்குறையைத் தீர்த்தது ‘பாராமெட்ரிக்’ என்னும் வகை. ஜார்ஜ் மாஸன்பர்க் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1972-இல் இதை விவரித்துக் கட்டுரை வாசித்தார். இதில் மூன்று காரியங்கள் நம் கையில் இருக்கின்றன: எந்த அதிர்வெண், எத்தனை டெசிபல், எவ்வளவு அகலம். அகலத்தைக் குறிக்கும் எண்ணைக் ‘கியூ’ என்பர். கியூ 1 என்றால் ஒரு ஸ்தாயிக்கும் சற்று மேற்பட்ட விசாலமான மேடு அல்லது பள்ளம்; கியூ 10 என்றால் குறுகிய வெட்டு. அகன்ற வளைவு ஒலியின் குணத்தை மெல்ல மாற்றும். குறுகிய வெட்டு ஒரு குறிப்பிட்ட தொல்லையை அகற்றும். ஏற்றுவதாயின் அகலமாகவும் சிறிதாகவும், குறைப்பதாயின் தேவைக்கேற்பக் குறுக்கமாகவும் செய்வது அனுபவஸ்தர் கையாளும் முறை.

இனி வடிகட்டிகள். ஃபில்டர் என்றதும் நம் வீட்டில் வேறொன்று நினைவுக்கு வரும். எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் மூட்டையில் முதலில் ஏறும் அந்தப் பித்தளைப் பாத்திரம், தூளை நிறுத்திக்கொண்டு டிகாக்ஷனை விடுகிறது. ஒலி வடிகட்டியும் ஒரு பகுதியை நிறுத்தி மறு பகுதியை விடுவதே. ‘ஹை-பாஸ்’ என்பது கீழே உள்ளதைத் தடுத்து மேலே உள்ளதை விடும். ‘லோ-பாஸ்’ மேலே உள்ளதைத் தடுக்கும். ‘நாட்ச்’ நடுவில் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் எடுத்துவிடும். ஆடாஸிட்டி போன்ற இலவச மென்பொருள்களிலேயே இம்மூன்றும் உள்ளன.

இவற்றுள் வீட்டுப் பதிவில் பெரும் நன்மை செய்வது ஹை-பாஸ் வடிகட்டியே. தெருவில் போகும் பாரவண்டி, மாடிக் குடியிருப்பின் அதிர்வு, மேஜையில் கை பட்ட ஓசை, ‘ப’ என்று சொல்கையில் மைக்கில் மோதும் காற்று ஆகிய யாவும் பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே கனக்கின்றன. பெண்களின் பேச்சுக் குரலின் அடிச்சுரமோ பெரும்பாலும் 160-க்கு மேலே உள்ளது. ஆகவே 80-இல் ஹை-பாஸ் வைத்தால் குரலுக்குச் சேதமில்லை. பதிவு கழுவிவிட்டாற்போல் துலங்கும். ஆனால் வடிகட்டி கத்திபோல் வெட்டாது, சரிவாக இறங்கும். ஸ்தாயிக்கு 12 டெசிபல் என்ற சரிவை எடுத்துக்கொண்டால், 80-இலேயே 3 டெசிபல் குறைந்திருக்கும், 40-இல் சுமார் 12 டெசிபல் குறையும். பக்கத்தில் தம்புரா ஒலிக்குமாயின் யோசிக்க வேண்டும். 1 கட்டைத் தம்புராவின் மந்தர ஷட்ஜம் 65 ஹெர்ட்ஸ் என்று முன்பே பார்த்தோம். அங்கே 80 என்று வைத்தால் சுருதியின் அடித்தளத்தையே குறைத்தவர்களாவோம்.

மின்சார உறுமல் விஷயத்தில் இது இன்னும் நுட்பமானது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது. மண் இணைப்பு சரியில்லாத கம்பியோ, மடிக்கணினியின் சார்ஜரோ காரணமாகப் பதிவில் 50, 100, 150 ஹெர்ட்ஸில் ரீங்காரம் நுழையும். நாட்ச் வடிகட்டியைக் கொண்டு இவ்விடங்களில் வெட்டுமாறு பல குறிப்புகள் சொல்லும். பேச்சுப் பதிவுக்கு அது சரி. பாட்டுக்கு? 1 கட்டையில் பஞ்சமத் தந்தி சுமார் 98 ஹெர்ட்ஸ். பெண்கள் பாடும் 5½ கட்டையில் தம்புராவின் மந்தரத் தந்தி சுமார் 104, பஞ்சமத் தந்தி சுமார் 156. உறுமல் வாழும் வீட்டின் அடுத்த வாசலிலேயே நம் சுருதியும் வாழ்கிறது! 100 ஹெர்ட்ஸில் கியூ 10 கொண்ட வெட்டு 95 முதல் 105 வரை பரவும். ஆணின் பஞ்சமத்தையும் பெண்ணின் ஷட்ஜத்தையும் ஒருங்கே தின்றுவிடும். கியூவை 30-க்கு மேல் உயர்த்தினால் கீற்று 3 ஹெர்ட்ஸ் அளவுக்குக் குறுகி, சுருதி பெரும்பாலும் தப்பும். அதைவிட நலம், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் ஓடவிட்டு மறுபடி பதிவு செய்தல். ஐந்து நிமிஷ வேலை.

இங்கே ஈக்வலைஸரின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். தனக்கென ஓர் அதிர்வெண்ணில் குடியிருக்கும் தொல்லையையே அதனால் பிரிக்க முடியும். மின்விசிறிக் காற்றின் ‘ஸ்’ என்ற இரைச்சல் எல்லா ஸ்தாயிகளிலும் பரவிக் கிடக்கிறது. குரலும் அங்கேதான் இருக்கிறது. ஒன்றைக் குறைத்தால் மற்றதும் குறையும். அறையின் எதிரொலியும் அவ்வாறே. அது காலத்தில் நீளும் பிழை. அதிர்வெண்ணைத் திருகி அதை அகற்ற இயலாது. 10 அடி அகலமுள்ள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சுமார் 56, 112, 168 ஹெர்ட்ஸ் ஒலிகள் தங்கித் தங்கி முழங்கும். நகரத்து அடுக்ககங்களின் வெறுஞ்சுவர் அறைகளில் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதற்கு இத்தகைய முழக்கமும், சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும் காரணம். தில்லிவாசிகளிடம் இதற்கு நல்ல மருந்து கைவசம் உண்டு. குளிர்கால ரஜாய்கள் இரண்டைப் பாடுபவருக்குப் பின்னாலும் பக்கத்திலும் கொடியில் தொங்கவிடுங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வையுங்கள். விசிறியையும் குளிர்பெட்டியையும் அரைமணி நேரம் நிறுத்தி வையுங்கள். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்று ஒதுக்கி வையுங்கள். ஒருதிசை மைக்குகள் நெருங்க நெருங்க மந்தர ஒலியை மிகைப்படுத்தும் இயல்புடையவை. ஆதலின் சாண் தூரத்தை நாலு விரற்கடையாக்கினால் குரல் கனத்துவிடும்; பிறகு அதைக் குறைக்க வேறு திருக வேண்டிவரும்.

பழைய கேஸட்டுகளைக் கணினியில் ஏற்றுபவர்க்கும் இதே அறிவுரைதான். ஒலி மங்கலாக இருக்கிறதே என்று மேல்பகுதியை ஏற்றினால் நாடாவின் சீறல்தான் ஏறும். பதிவு செய்த கருவியின் ஹெட்டும் இப்போது ஓட்டும் கருவியின் ஹெட்டும் ஒரே கோணத்தில் நில்லாமையால் மேல் ஒலிகள் தொலைவதுண்டு. ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகைச் செவியால் கேட்டுக்கொண்டே மெல்லத் திருப்பினால், இழந்ததாக நாம் நினைத்த தெளிவு திரும்பிவிடும். நாடாவில் இருப்பதை முழுதும் எடுத்த பிறகே ஈக்வலைஸருக்கு வேலை.

சரி, இயன்ற மட்டும் சீராகப் பதிவு செய்துவிட்டோம். இனி எதைத் தொடுவது? கீழே ஹை-பாஸ் வைத்தாயிற்று. 250-க்கும் 500-க்கும் இடையே குரல் பெட்டிக்குள் அடைபட்டதுபோல் இருந்தால், கியூ 1 அளவில் 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள். இடம் எங்கே என்று தெரியாவிட்டால், ஒரு மேட்டைத் தற்காலிகமாக 6 டெசிபல் உயர்த்தி, அதை மெல்ல நகர்த்திக்கொண்டே கேளுங்கள். எங்கே மிக அருவருப்பாக ஒலிக்கிறதோ அங்கே ஏற்றத்தை இறக்கமாக மாற்றுங்கள். ஆனால் இந்த உபாயத்தை நெடுநேரம் செய்யலாகாது. உயர்த்திக் கேட்டால் எல்லா இடமுமே குற்றமாகத் தோன்றும். ‘ச’, ‘ஸ’ ஓசைகள் ஊசியாகக் குத்தினால் அவற்றின் இடம் பெரும்பாலும் 5,000-க்கும் 8,000-க்கும் இடையே.

இடையில் ஒரு பகுதியை மட்டும் கைவைக்காது விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி அது. ல, ள, ழ என்னும் மூன்றையும் செவி பிரித்தறிவது பெருமளவு இப்பகுதியில் உள்ள ஒலிச் செறிவுகளின் இடமாற்றத்தால்தான். ழகரத்துக்கு நாவை மடிக்கும்பொழுது, மேலே இருக்க வேண்டிய ஒரு செறிவு கீழே இறங்கிவருகிறது. கடினமாகக் கேட்கிறது என்று இந்த இடத்தை 6 டெசிபல் பள்ளமாக்கினால் குரல் மென்மையாகும்; மழையும் மலையும் நெருங்கிவிடும். பள்ளியில் இந்தியும் மராத்தியும் வங்காளமும் பேசி வளரும் நம் பேரக்குழந்தைகளிற் பலர் ழகரத்தை நாளும் கேட்பது வீட்டுப் பெரியவர் ஒருவர் வாயிலிருந்துதான். அவர் குரலைப் பதிந்து வைப்பதன் பயன்களுள் அதுவும் ஒன்றாயிருக்க, அந்தப் பகுதியை அழகின் பொருட்டு மழித்துவிடுவது நியாயமாகாது.

செவி நம்மை ஏமாற்றும் வழி ஒன்றுண்டு. அமெரிக்காவில் ஃபிளெட்சர், மன்ஸன் என்ற இருவர் 1933-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒலியின் அளவு கூடும்பொழுது அதன் கீழ்ப்பகுதி நம் செவிக்கு மேலும் நிறைவாகக் கேட்கிறது. எதையாவது ஏற்றினால் மொத்த ஒலியும் சிறிது உயர்கிறது. உயர்ந்ததையே உயர்ந்த தரமென்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆகவே மாற்றியதையும் மாற்றாததையும் ஒரே உரப்பில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மாறி மாறிக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். முதலில் எடுத்த பதிவே நன்றாயிருக்கிறது என்று பல வேளைகளில் தெரியவரும்.

சில மென்பொருள்களில் ‘லீனியர் ஃபேஸ்’ என்ற வசதியைக் காண்பீர்கள். உயர்ந்ததென்று அதைச் சிலர் புகழ்வர். மிருதங்கத்தின் ‘தொம்’ போன்ற திடீர் ஓசைகளில், அடி விழுவதற்குச் சற்று முன்பே ஒரு மெல்லிய நிழலோசையை அது எழுப்பக் கூடும். வீட்டுப் பதிவுக்குச் சாதாரண முறையே போதும்.

பாட்டியின் தாலாட்டுக்கு நடுவே குக்கர் விசில் அடித்திருக்கும். யாரோ காபி ஆறுகிறதென்று கூப்பிட்டிருப்பார்கள். இவற்றை எடுக்கலாமா என்று கேட்கும் நேயர்கள் உண்டு. எடுக்க முயன்றால் அந்த நொடியில் குரலும் சேர்ந்து சிதையும் என்பது நுட்பக் காரணம். அது ஒருபுறமிருக்க, இருபது ஆண்டு கழித்துக் கேட்பவர்க்கு அந்த விசிலும் அந்த வீட்டைச் சொல்லும் என்றே நாம் நினைக்கிறோம்.

எந்தத் திருத்தத்தையும் மூலப் பதிவின் மேல் எழுதிவிடாதீர்கள். ஹை-பாஸ் வடிகட்டி எடுத்ததைப் பின்னொரு நாள் ஏற்றிப் பெற முயன்றால் இரைச்சல்தான் மிஞ்சும். மூலத்தை ‘வேவ்’ கோப்பாக, 48,000 மாதிரி வேகத்தில், தொடாமல் ஒரு வட்டில் வையுங்கள். அதன் பிரதி ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். திருத்தியதற்குத் தனிப் பெயர் கொடுத்து, ஹை-பாஸ் 80, 320-இல் 2 டெசிபல் குறைவு என்பதுபோல் செய்த மாற்றங்களைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பாடியவர் பெயர், அவர் பிறந்த ஊர், பாடிய தேதி, பாட்டை யாரிடம் கற்றார் என்பவற்றையும் பதிவின் தொடக்கத்தில் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.